பறந்தால் முந்தலாமா?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர் தூரந்தான். 1919-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி இவ்விரு நகரங்களுக்கிடையே தினசரி ஆகாய விமானப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. அக்காலத்துச் சிறு விமானத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது. இன்றைய ஜெட் விமானத்துக்கோ, கால அட்டவணைப்படி ஏறக்குறைய 1 மணி 15 நிமிஷம் போதும்.

ஆயினும், பிரயாணம் என்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. விமான நிலையங்கள் ஊருக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரவேண்டும். சோதனைகளுக்காக இரண்டு மணி முன்னதாகவே காத்து நிற்கவேண்டும். இறங்கிய பின்னும் நகரத்துக்குள் வந்தாகவேண்டும்.

1994-இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தின் வழியே செல்லும் ரயில், நகரின் உள்ளேயே ஏற்றி நகரின் உள்ளேயே இறக்கிவிடுகிறது. அதற்கும் சற்று முன்னதாகப் போகவேண்டியதுதான்; ஆனால் ஓடும் நேரம் சுமார் 2 மணி 20 நிமிஷமே. முடிவில், வானத்தில் பறந்தவரைவிடத் தண்டவாளத்தில் சென்றவரே பெரும்பாலும் முந்திக்கொள்கிறார்! காற்றில் கலக்கும் புகையும் வெகு சொற்பம்.

ஒரு தேசத்தின் வேகத்தை அதன் விமானங்களைக் கொண்டு அளப்பது போதாது. சாமானிய மனிதன் தன் வீட்டு வாசலிலிருந்து போகுமிடத்து வாசல்வரை எத்தனை நேரத்தில் செல்கிறான் என்பதே சரியான அளவுகோல்.