இரவல் திண்ணையில் எத்தனை நாள்?



எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர், பொறியியல் மூன்றாம் ஆண்டு, போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். நிரல் எழுதுவது பற்றித் தான் கற்றதையெல்லாம் குறித்துவைக்க ஒரு சொந்த இணையதளம் தொடங்கப் போகிறாராம். "அண்ணா, அதுல நம்ம வேலைகளப் பத்தியும் எழுதலாமா? இல்ல ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கணுமா? கம்பெனிக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

உடனே பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ‘பயப்படாதே, எல்லாவற்றையும் எழுது’ என்று சொல்வது எங்களுக்குச் சுலபம். வேலை தேடப் போவது அவர். பிரித்து வைப்பதா, சேர்த்து வைப்பதா என்பதை அவரவர் வீட்டு நிலைமையைப் பார்த்து அவரவரே முடிவு செய்யட்டும். அதில் கோழைத்தனமும் இல்லை, வீரமும் இல்லை. ஆனால் சொந்தத் தளம் வேண்டுமா என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில்தான். வேண்டும், இன்றைக்கே வேண்டும்.

காரணம் பட்டறிவு. ஒரு சமூக ஊடகத்தில் ஆறு ஆண்டுகள் நாங்கள் நடத்திய பக்கம் ஒரே இரவில் முடக்கப்பட்டது. கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுத்தார்கள், இயந்திரம் மூடிவிட்டது. களஆய்வு அறிக்கைகள், நினைவேந்தல் படங்கள், மறைந்துபோன மூத்த தோழர் ஒருவரின் பேட்டி, எல்லாம் அதற்குள். முறையிட்டோம். இன்றுவரை பதில் இல்லை. நகல் வைத்துக்கொள்ளாதது எங்கள் தவறு என்பதையும் சொல்லிவிடுகிறோம். அடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எழுந்து போ என்றார்கள்.

நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். எந்தச் சொல்லால் ஊர் இழிவுசெய்ததோ அதையே தலைப்பாக வைத்தார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ வந்தது. அதற்குக் காசு கொடுத்தும் விளம்பரம் போட மறுத்தது திலகரின் ‘கேசரி’. பிறர் பத்திரிகையில் இடம் கேட்டு நின்றிருந்தால் இவர்கள் எழுத்தில் எத்தனை வரி நமக்கு வந்து சேர்ந்திருக்கும்? அயோத்திதாசரின் எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் மீண்டும் கிடைத்தன. தாள்களை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால் கிடைத்தன.

இன்னொன்று. தலித் மாணவர் எழுதினால் வலியைத்தான் எழுத வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. நம்மவர்களிடமும் இருக்கிறது. 1923இல் அண்ணல் வெளியிட்ட நூல் ரூபாயின் சிக்கல் பற்றியது. நாணயம், தங்கம், வெள்ளி, மாற்று விகிதம் என்று முழுக்க முழுக்கத் தொழில்நுட்பமான விஷயம். அதை எழுதிய கைதான் அடுத்த சில ஆண்டுகளில் மகாடில் குளத்து நீரை அள்ளியது. தம்பி தரவுத்தளம் பற்றி எழுதட்டும், தங்கை மின்சுற்று பற்றி எழுதட்டும். சிபாரிசு செய்ய மாமனோ சித்தப்பனோ கம்பெனியில் இல்லாத பிள்ளைக்கு, தான் செய்ததைக் காட்ட ஒரு முகவரி இருப்பது சின்ன விஷயமில்லை.

சரி, எப்படி? எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுத வேண்டியதில்லை. 2008இல் வந்த ஜெக்கில், 2013இல் வந்த ஹியூகோ போன்ற கருவிகள் இருக்கின்றன. வெறும் எழுத்துக் கோப்புகளாக நீங்கள் எழுதுவதை முழுத் தளமாகக் கட்டிக் கொடுத்துவிடும். தரவுத்தளம் வேண்டாம், தினமும் கவனிக்க வேண்டிய சர்வர் வேண்டாம். யாரோ செய்து இலவசமாகக் கொடுத்த டெம்ப்ளேட்டை எடுத்து, கிட்ஹப்பில் பொதுத் தொகுப்பாக வைத்தால் காசில்லாமலேயே இணையத்தில் ஏறிவிடும். ஒரு மதியத்தில் முடிகிற வேலை. எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. தளத்தின் பாதையைக் குறிக்கும் வரியில் தொகுப்பின் பெயரைப் போடாமல் விட்டோம், எழுத்து மட்டும் வந்து அலங்காரம் ஒன்றும் வரவில்லை. அமைப்புக் கோப்பை மாற்றினால் ஜெக்கிலை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும் என்பதும் தெரியாமல் அரைமணி நேரம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம்.

கிட்ஹப்பும் அடுத்தவர் திண்ணைதானே என்று கேட்பீர்கள். ஆமாம். 2018 முதல் அது மைக்ரோசாஃப்ட்டின் கையில் இருக்கிறது. 2014 டிசம்பரில் அரசு உத்தரவால் முடக்கப்பட்ட 32 தளங்களில் அதுவும் ஒன்று. வித்தியாசம் என்னவென்றால், தளத்தின் முழுக் கோப்புகளும் உங்கள் மடிக்கணினியிலும், உங்களோடு வேலை செய்யும் ஒவ்வொருவர் கணினியிலும் அப்படியே இருக்கும். அங்கே மூடினால் அன்று மாலையே வேறு இடத்தில் ஏற்றலாம். அதற்காகத்தான் சொந்த டொமைன் பெயர் வாங்கச் சொல்கிறோம். வீடு மாறினாலும் முகவரி மாறாது. ஆனால் அந்தப் பெயரை ஒரே தோழரின் மின்னஞ்சலில், ஒரே தோழரின் வங்கி அட்டையில் வாங்கி வைக்காதீர்கள். அவர் வெளிநாடு போனாலோ இயக்கத்தில் மனஸ்தாபம் வந்தாலோ முகவரியும் போய்விடும். நம் இயக்கங்களில் மனஸ்தாபம் வராமலா இருக்கிறது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டெம்ப்ளேட் என்பது யாரோ ஒருவர் தன்னை மனதில் வைத்துச் செய்தது. நீங்கள் மாற்றாத ஒவ்வொரு இடத்திலும் அவரே இருப்பார். எத்தனையோ மாணவர்களின் தளங்களில், தளத்தின் விவரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘பிரமாதமான விவரம் ஒன்றை இங்கே எழுதுங்கள்’ என்ற பொருளில் ஜெக்கில் தந்த ஆங்கில வரி அப்படியே கிடக்கிறது. அடியில் அவர்களுக்குச் சம்பந்தமில்லாத யாருடைய ட்விட்டர் இணைப்போ இருக்கிறது. முதலில் அமைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள்.

தம்பி திறந்தபோது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. கடைசிப் பெயர் என்ன போடுவது? தமிழ்நாட்டில் சாதிப்பட்டத்தை உதறி, அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிற்கப் பழகிவிட்டோம். வடக்கே இருக்கும் தோழர்கள் சொல்வார்கள், கடைசிப் பெயரைப் போட்டாலும் சாதியைக் கண்டுபிடிப்பார்கள், போடாவிட்டாலும் ஏன் போடவில்லை என்று தோண்டுவார்கள் என்று. எங்கள் யோசனை எளிது. அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள். டெம்ப்ளேட்டில் அது ஒரு வரி. பெயர் என்று ஒரே கட்டம் போதும். தம்பி அம்மா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தது மொழி. பக்கத்தின் தலையில் மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கும். தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் அதைத் தமிழ் என்று மாற்றுங்கள். பார்வையற்ற தோழர் திரைவாசிப்பானில் கேட்கும்போது எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பை வைத்துத்தான் அது முடிவு செய்யும். மாற்றாவிட்டால் உங்கள் தமிழை ஆங்கிலக் குரல் கடித்துத் துப்பும். தலைப்புகளில் வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் கூட்டுங்கள். ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்ததில் நம் ‘கி’யும் ‘கூ’வும் மேல்வரியோடு கீழ்வரியோடு மோதும். பதிவின் கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் இணைப்பை நகலெடுக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒன்பது குறிகளாக, துணைக்குறி இருந்தால் பதினெட்டாக விரியும். வாட்ஸப்பில் போட்டால் அரைப் பக்கம் விகாரமாக நிற்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் ரோமன் எழுத்துக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. எங்களில் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கனமான படங்களும் ஓடும் அலங்காரங்களும் உள்ள டெம்ப்ளேட்டைத் தவிர்த்துவிடுங்கள். நம் வாசகர் பழைய கைபேசியில், மாதக் கடைசியில், மிச்சமிருக்கும் டேட்டாவில் படிப்பவர்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வன்கொடுமை நடந்த இடத்துக்குப் போய் வந்து எழுதும் தோழர்களுக்காகச் சொல்கிறோம். கிட் என்பது நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்திருக்கும் கருவி. அதுதான் அதன் பலம். ஒரு பெண்ணின் பெயரையோ சாட்சியின் பெயரையோ தவறிப்போய் எழுதி ஏற்றிவிட்டு, மறுநாள் அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பக்கத்தில் அது மறைந்திருக்கும், தொகுப்பின் வரலாற்றில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 228அ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72. குழந்தை என்றால் போக்சோ பிரிவு 23. சட்டத்தை விடுங்கள், அந்தக் குடும்பம் அதே ஊரில், அதே தெருவில் அல்லவா இருக்கப்போகிறது! ஆகவே பெயர்களை வரைவிலேயே எழுதாதீர்கள். வரைவை வேறு இடத்தில் வைத்து, இரண்டாவது ஒரு தோழர் படித்த பிறகே தொகுப்புக்குள் கொண்டுவாருங்கள்.

படங்களும் அப்படித்தான். கைபேசியில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். நீங்கள் முகத்தை மறைத்திருப்பீர்கள், வீட்டின் இடம் கோப்புக்குள் இருக்கும். ஏற்றும் முன் அந்தத் தகவலை நீக்க வேண்டும். புனைபெயரில் எழுதும் தோழர்கள் கவனியுங்கள், ஒவ்வொரு மாற்றத்தோடும் உங்கள் கணினியில் பதிந்திருக்கும் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்து போகும். மின்னஞ்சலை மறைக்கும் வசதி கிட்ஹப்பில் இருக்கிறது, முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். பெயரையும் மாற்றுங்கள். தளத்தில் புனைபெயரும் வரலாற்றில் கல்லூரிச் சான்றிதழ்ப் பெயருமாக ஒரு தங்கையின் தொகுப்பைப் பார்த்துப் பதறிப்போய்த்தான் இதை எழுதுகிறோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தம்பியின் தளம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே தளத்தில், தனித்தனிப் பகுதியாக வைத்திருக்கிறார். முகப்பில் தொழில்நுட்பம் மட்டும், மற்றது ஒரு சொடுக்குத் தள்ளி. அது அவர் முடிவு. தேடுபெட்டியில் ‘நீதி’ என்று அடித்துப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் அந்தச் சொல் பத்து இடத்தில் இருக்கிறது. ‘ஜெக்கில்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் வருகிறது. இரண்டு நாள் உட்கார்ந்து தோண்டினார். டெம்ப்ளேட்டோடு வந்த லூனர் என்ற தேடுகருவி, சொற்களின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்புள்ளி, மேற்கோள்குறி போன்றவற்றைத் துடைத்துவிட்டுத்தான் அட்டவணையில் சேர்க்குமாம். எது சொல், எது குறி என்பதற்கு அது வைத்திருக்கும் விதியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான் சொல். தமிழ் எழுத்து முழுவதும் அதற்குக் காற்புள்ளி மாதிரி. ‘நீதி’யைத் துடைத்துத் துடைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

விதியை மாற்றினார், தேடல் வேலை செய்தது. அதையே முதல் கட்டுரையாக எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதிவிட்டார், தமிழிலும் எழுதச் சொல்லியிருக்கிறோம். செமஸ்டர் முடியட்டும் அண்ணா என்கிறார்.