பாட்டில் விற்கும் பிள்ளை வாத்தியாராக வரட்டும்!

மம்சாபுரம் மற்றும் சுற்றுவட்டார விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! படித்துவிட்டு வேலைக்கு அலையும் இளைஞர்களே!

நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் கண்மாய்ப் பாசனம். கடன் வாங்கி மகனை வேளாண் பட்டயம் படிக்க வைத்தார். "பள்ளிக்கூடத்துல வாத்தியாராகி, நம்ம பிள்ளைகளுக்கு வெள்ளாமை சொல்லிக் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் போனான். இன்று மோட்டார் சைக்கிளில் பூச்சிமருந்து பாட்டிலோடு நம் வரப்பில் வந்து நிற்கிறான். பாடம் சொல்ல வேண்டியவன் பாட்டில் விற்கிறான். குற்றம் அவனுடையதா?

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதில் வேளாண்மையும் ஒன்று. பிறகு என்ன ஆச்சு? ஓய்வு பெற்ற ஆசிரியர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஆள் இல்லை என்று பல பள்ளிகளில் பிரிவையே மூடினார்கள். 2012இல் பகுதிநேர ஆசிரியர்களாகப் பதினாறாயிரம் பேருக்கு மேல் எடுத்தார்கள். தோட்டக்கலையும் அதில் சேர்த்திதான். சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை! 2018இல் ஆசிரியர் தேர்வு வாரியம் வேளாண் பயிற்றுநர் பணிக்கு அறிவிப்பு விட்டது. மாநிலம் முழுமைக்கும் எத்தனை இடம் தெரியுமா? 25! அதே 2018இல்தான் பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பாடத்திட்டமும் வந்தது. புத்தகம் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு வாத்தியாரைப் போடத் தெரியாதா?

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அதே ஆண்டு மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததே, மறந்துவிட்டோமா? புழு குருத்துக்குள் புகுந்த பிறகு நாம் மருந்துக்கடைக்கு ஓடினோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அடித்தோம். முட்டைக் குவியல் இலையில் இருக்கும்போதே கண்டுபிடித்து நசுக்கினால் பாதி செலவு மிச்சம் என்று அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. பள்ளியில் ஒரு வேளாண் ஆசிரியர் இருந்திருந்தால் நம்ம வீட்டுப் பிள்ளையே சொல்லியிருக்குமே! நூறு விதையை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும், அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி மண் பரிசோதனைக்கு மண் எடுப்பதும் எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வேலைதான். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். ரகங்கள் பிறந்த இடம். நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலைப் பார்த்திருக்கிறார்கள்? கூட்டிப்போக ஆசிரியர் வேண்டாமா?

"குலக்கல்வியைத் திரும்பக் கொண்டு வரப் பார்க்கிறீர்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத்துப் பிள்ளையை அரை நேரம் மட்டும் பள்ளியில் வைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலுக்கு அனுப்பியது. 1954இல் அதைத் தூக்கியெறிந்தவர் நம்ம விருதுநகர்க்காரர் காமராசர். நாமும் அவர் பக்கம்தான். உழுகிறவன் பிள்ளை உழத்தான் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. டாக்டர் பிள்ளையும் கலெக்டர் பிள்ளையும் சேர்ந்தே வேளாண்மை படிக்கட்டும் என்கிறோம். முழு நேரப் பள்ளி, முறையாகப் படித்த ஆசிரியர், மற்ற பாடத்துக்குச் சமமான மதிப்பு. இது குலக்கல்வி இல்லை, அறிவியல்!

அமெரிக்காக்காரன் 1917லேயே சட்டம் போட்டு, பள்ளி வேளாண் ஆசிரியர் சம்பளத்துக்கு மத்திய அரசுப் பணம் ஒதுக்கினான். அவ்வளவு தூரம் போவானேன்? கடல் தாண்டினால் இலங்கை. அங்கே நம் தமிழ்ப் பிள்ளைகள் சாதாரண தரத்திலேயே விவசாயத்தைத் தமிழில் பாடமாக எடுத்துப் பரீட்சை எழுதுகிறார்கள். சோறு போடும் தொழில் நம்ம பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கசக்கிறதா?

மாநில அரசே!

* மூடிய வேளாண் பிரிவுகளை அரசுப் பள்ளிகளில் திரும்பத் திற!
* காலிப் பணியிடங்களைக் காலமுறை ஊதியத்தில் நிரப்பு! பகுதிநேரப் பிழைப்பு வேண்டாம்!
* ஆசிரியர் தேர்வு அறிவிப்பை ஆண்டுதோறும் விடு! வேளாண் படித்த இளைஞர் வயதாகிப் போகும்வரை காக்க வைக்காதே!
* பள்ளிக்கு அரை ஏக்கர் நிலமும் தண்ணீரும் கொடு!

விவசாயிகளே! கடன் தள்ளுபடிக்கும் கரும்பு விலைக்கும் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் ஏறி இறங்கிய கால்கள் நம்முடையவை. பிள்ளைக்கு வாத்தியார் கேட்டு ஒருநாள் ஏறினோமா? இல்லை. அது நம்ம தப்புதான். மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இனி வீட்டுக்கு ஒரு மனு கொடுப்போம். பள்ளிக்குப் போகும் பிள்ளை கையாலேயே எழுதச் சொல்லுங்கள். படித்த பையன்களையும் கூட்டி வாருங்கள். வேலை அவர்களுக்கு, அறிவு நம் பிள்ளைகளுக்கு, மிச்சம் நம்ம வயலுக்கு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், மம்சாபுரம்.