திமிங்கில வேட்டை: வேட்டையாடுவது யார்?

‘திமிங்கில வேட்டை’ என்ற தொடரை விரித்தெழுதும்படி ஜார்ஜ்டவுனில் என் மாணவர்களிடம் சொன்னேன். ‘திமிங்கிலத்தின் வேட்டை’ என்றார் ஒருவர். ‘திமிங்கிலத்தை வேட்டையாடுதல்’ என்றார் இன்னொருவர். இலக்கணப்படி இரண்டும் சரிதான். வடமொழிச் சொல்லான திமிங்கிலத்துக்கு, ‘திமி’ என்னும் பெருமீனை விழுங்குவது என்று பொருள். பெயரின்படி அதுதான் வேட்டையாடும் உயிர். எண்ணெய்க்காக மனிதன் கப்பலேறிய பிறகு அதுவே இரையானது.

1986இல் வணிக வேட்டைக்கு அனைத்துலகத் தடை நடப்புக்கு வந்தது. அதன் பிறகும் ‘ஆய்வு’ என்ற பெயரில் அண்டார்டிக் கடலில் ஜப்பான் திமிங்கிலங்களைக் கொன்றது. அந்த வேட்டை அறிவியல் ஆய்வுக்கானதன்று என்று 2014இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாணவர்களே, தொகையை விரிப்பது தேர்வுக்கு மட்டுமன்று. செய்தியில் வரும் சொற்களையும் விரித்துப் பாருங்கள்: செய்பவர் யார்? துன்பப்படுபவர் யார்?