கள்ளிமந்தாரையின் பூர்வோத்தரம்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் ஒரு கள்ளிமந்தாரை நிற்கிறது. தை மாதத்தில் இலைகளெல்லாம் உதிர்ந்து, மொட்டைக் கிளைகளை மான்கொம்பு போல் நீட்டிக்கொண்டிருந்தது. "பட்டமரம், விறகுக்காகும்" என்று தீர்மானமாகி, கோடரியுடன் ஆளும் வந்துவிட்டார். அச்சமயம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கிளையை நகத்தால் கீறினான். வெள்ளைவெளேரென்று பால் கசிந்தது. "ஸார், உயிர் இருக்கிறது!" என்றான். மரம் பிழைத்தது.

மறுநாள் அவனே கேட்டான்: "ராஜேந்திர சோழர் காலத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவாமிக்கு இந்தப் பூவைச் சாத்தியிருப்பார்களா, ஸார்?"

ஆமென்று சொல்லிவிட ஆசைதான். அரியலூர்க்காரனுக்கு அது பெருமையல்லவா? ஆனால் அக்கோயில் எழுந்தது பதினோராம் நூற்றாண்டில். இம்மரத்தின் ஜன்மபூமியோ மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள். 1492-ல் கொலம்பஸ் அப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகே இது கடல் கடக்க வழி பிறந்தது.

நம்மவர் பெயரிட்ட விதம் ரஸமானது. பால் வடிவதால் கள்ளி; பூவின் அழகால் மந்தாரை. இரண்டும் இதற்கு உறவல்ல. 'ஈழத்தலரி' என்பதில் பாதி மெய்: அலரிக் குடும்பந்தான், ஈழம் பூர்வீகமன்று. சாஸ்திரப் பெயரான 'ப்ளூமேரியா', சார்ல்ஸ் ப்ளூமியே (1646–1704) என்ற பிரெஞ்சுத் துறவியின் ஞாபகார்த்தம். மும்முறை மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று செடிகளை ஆராய்ந்த அவர், பிறர் பெயர்களைச் செடிகளுக்குச் சூட்டி மகிழ்ந்தவர்; பிகோனியா, மக்னோலியா எல்லாம் அவர் வைத்தவையே. அவருக்கு அதே மரியாதையை டூர்னஃபோர் செய்தார். 1753-ல் லின்னேயஸ் அதை நிலைநிறுத்தினார்.

வளர்ப்பது சுலபம். முழ நீளக் கிளையை ஒடித்து, வெட்டுவாய் உலரும்படி ஓரிரு வாரம் நிழலில் போட்டுப் பிறகு நடுக. நம் பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நீரைப் பிடித்து வைக்கும். ஆகையால் மணல் கலந்து மேட்டில் நடுவது உத்தமம். இல்லாவிடில் அடி அழுகிவிடும். பால் கண்ணில் படாதபடி குழந்தைகளை எச்சரிக்க வேண்டும்.

"அப்படியானால் இது நம்முடையதில்லையா, ஸார்?" பையனின் முகம் வாடிவிட்டது.

"மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதை உன் அம்மா அடுக்களையிலிருந்து துரத்திவிட்டாளா?" என்றேன். சிரித்துவிட்டான்.

பங்குனிக் கடைசியில் மரம் பூத்தது. விறகுக்கு விலை பேசியவரே வீட்டுப் பூஜைக்கென்று நான்கு பூக்கள் கேட்டு வாங்கிப் போனார்.