கடிதம் கேட்டு வந்த பெண்



சில வருடங்களுக்கு முன் உப்புவெளியில், அஸர் தொழுகை முடிந்த நேரம், ஸகாத் உதவிக்குக் கடிதம் கேட்டு ஒரு பெண் வந்தாள். கணவனும் கூட நின்றான். நான் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். அவள் மணிக்கட்டு கன்றியிருந்ததைக் கண்டேன். கண்டும் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அது என் நெஞ்சை உறுத்துகிறது.

2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து பெண்களில் ஒருவர் தம் வாழ்நாளில் துணைவனிடம் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். ஆனால் அடிபடுகிறவள் அதைச் சொல்லவென்று புறப்பட்டு வருவது அபூர்வம். அஸ்வெசும விண்ணப்பத்தோடு கிராம உத்தியோகத்தரிடம் போவாள். பிள்ளையை நிறுக்க மருத்துவ மாதுவிடம் போவாள். எங்களிடம் ஸகாத் கேட்டு வருவாள். கண்டுகொள்ள வேண்டியவர்கள் இந்த வாசல்களில் இருப்பவர்களே.

கேட்பதென்றால் தனியே கேட்க வேண்டும். கணவனையோ மாமியாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடி விழும். "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா? உதவிப் பணத்தை யார் எடுக்கிறார்கள்?" இந்த இரண்டு கேள்வி போதும். பணம் வங்கிக்கு வருகிறது என்பதற்காக அது அவள் கைக்கு வருகிறது என்று எண்ணிவிட முடியாது.

அவள் வாய் திறந்தால் அடுத்த வழியைக் காட்ட வேண்டும். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' உண்டு. 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மகளிர் உதவிச் சேவை கிடைக்கும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். அவளுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். செலவுக்குப் பணம் கொடுக்கும்படி கணவனுக்கு உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

"முஸ்லிம் பெண் காதியிடம்தானே போக வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஹுக்கும் தாபரிப்புக்கும் காதி நீதிமன்றம் சரி. இன்றிரவு விழப்போகும் அடியைத் தடுக்க இந்தச் சட்டம் இருக்கிறது. அது எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவானது.

'ஸபர் செய்யுங்கள்' என்று திருப்பி அனுப்புவது எங்களுக்குச் சுலபம். ஹபீபா பின்த் ஸஹ்ல் என்ற ஸஹாபிப் பெண் கணவனிடம் அடிபட்டு, விடியற்காலையில் நபி (ஸல்) அவர்களின் வாசலில் வந்து நின்றார். நபியவர்கள் என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். கணவனை அழைத்துப் பேசினார்கள். இருவரையும் பிரித்து வைத்தார்கள். இதை மிம்பரில் சொல்ல நாங்கள் ஏனோ மறந்துவிடுகிறோம்.

பெண்கள் வுழூச் செய்யும் இடத்தில் 1938 என்று எழுதி ஒட்டலாம் என்று எங்கள் பள்ளி நிர்வாகத்தில் சொன்னேன். "ஆண்கள் கோபிப்பார்கள் ஹஸரத்" என்றார் ஒருவர். அடுத்த ஜும்ஆவுக்கு முன்பே ஒட்டிவிட்டோம்.