ரோண்டாவில் வடித்த கண்ணீர்



தென் ஸ்பெயினின் ரோண்டா என்னும் பழைய சந்தை நகருக்குச் சென்று திரும்பிய சகோதரர் ஒருவர், குன்னூரில் தம் இல்லத்துக்கு என்னை விருந்துக்கு அழைத்திருந்தார். கைப்பேசியில் படங்களைக் காட்டினார். செங்குத்துப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வீடுகள். முஸ்லிம்கள் கட்டிய ஹம்மாம். அதன் கூரையில் நட்சத்திரத் துளைகள் வழியே இறங்கும் ஒளி. "1485இல் இந்த ஊர் நம் கையைவிட்டுப் போயிற்று, ஹஜ்ரத்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

அந்தக் கண்ணீரை நான் பழிக்கவில்லை. பூமியில் பயணித்து, முன்சென்றோரின் முடிவை நோக்குமாறு திருக்குர்ஆன் பன்முறை ஏவுகிறது. அந்தலுஸின் வீழ்ச்சிக்கு இரங்கற்பா பாடிய அபுல் பகா அர்ருந்தீ அவ்வூரினரே.

விருந்து முடிந்ததும், பரணிலிருந்து துணியில் சுற்றிய நூலொன்றை இறக்கினார். கீழக்கரையில் பிறந்த அவருடைய உம்மம்மா நாள்தோறும் ஓதிய அரபுத் தமிழ் நூல். "எங்களில் எவருக்கும் படிக்கத் தெரியாது. இதை என்ன செய்வது?" என்றார். இம்முறை அவர் குரலில் தழுதழுப்பு இல்லை.

சகோதரர்களே, எனது வழக்கு இதுதான். கிரானடாவில் அரபு நூல்களைத் தீயிடப் பேராயர் சிஸ்னெரோஸ் வந்தார். நம் நூல்களை எரிக்க எவரும் வரவில்லை. பழைய தாள் கடையில் நாமே எடைக்குப் போட்டோம்.

"அங்கே மாளிகைகள் உண்டு, கீழக்கரையில் என்ன உண்டு?" என்பீர்கள். கல்தூண்கள் தாங்கும் பழைய ஜும்ஆப் பள்ளி உண்டு. மார்க்கச் சட்டங்களை எளியோரும் அறியும்படி அரபுத் தமிழில் எழுதிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்த ஊர் அது. ரோண்டாவைக் கண்ட இப்னு பதூதா, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நம் மதுரைக்கு வந்தவர். அவருக்கு இரண்டும் ஒரே உம்மத்தின் ஊர்கள். நமக்கோ ஒன்று காவியம், மற்றொன்று பரண்மேல் சுமை.

இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. நான் பயிற்றும் மத்ரஸாவிலும் அரபுத் தமிழ் பாடமாக இல்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அதில் புதியவை, தமிழ் ஒலிகளுக்கென அமைந்த ஒரு சில எழுத்துகளே. அவற்றைக் கற்பிக்க என்னைத் தடுத்தவர் எவருமில்லை.

ஸ்பெயினுக்குச் செல்லுங்கள், தடையில்லை. அதற்கு முன் உங்கள் பரணில் ஏறிப் பாருங்கள். பிள்ளைகளைக் கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். இழந்ததற்கு அழுவது எளிது; இருப்பதைக் காப்பதே கடமை. அந்த நூலை நான் வாங்கி வந்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை முதல் பாடம், இன்ஷா அல்லாஹ்.