அடிக்கட்டையை ஆர் பொறுக்கிறது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலமை நாங்கள் பன்னிரண்டு பேர் பண்ணைக் கடற்கரையில் சிரமதானம் செய்தோம். போத்தல், யோகட் கோப்பை, ஷொப்பிங் பை எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரம் முழுக்கக் குனிந்து பொறுக்கியது சிகரட் அடிக்கட்டைகளைத்தான். வீதி கூட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள், உது நாளைக்கும் கிடக்கும்."

வேலை முடிந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். எங்கட நண்பன் ஒருத்தன் சிகரட் ஒன்று வாங்கிப் பத்தினான். முடிந்ததும் கீழே போட்டுச் செருப்பால் மிதித்தான். பிறகுதான் அவனுக்கே விளங்கியது. சிரித்தோம். ஆனால் அந்த அம்மா சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

சிகரட் பில்டர் பஞ்சு என்றுதான் கனபேர் நினைக்கிறோம். இல்லை, அது செலுலோஸ் அசிற்றேற் என்ற பிளாஸ்டிக். அப்பப்பாமார் பிடித்த சுருட்டின் மிச்சம் மண்ணோடு போய்விடும். பில்டர் வருடக்கணக்கில் கிடந்து சின்னச் சின்ன இழைகளாக உடையும். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 ட்ரில்லியன் அடிக்கட்டைகள் வீசப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு லீற்றர் நீரில் ஒரேயொரு அடிக்கட்டை ஊறினாலே அதிலுள்ள மீன்களில் பாதி நான்கு நாளில் செத்துப்போகலாம் என்று 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

சரி, என்ன செய்யலாம்?

தண்டப்பணம் அறவிடலாம். ஆனால் ஒவ்வொரு தேத்தண்ணிக் கடை வாசலிலும் ஆளை நிறுத்திப் பிடிக்க ஏலாது. சோடாப் போத்தலைப் போல வைப்புப்பணம் வாங்கி, திருப்பிக் கொண்டுவந்தால் காசு கொடுக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். இங்கே பெட்டியாக வாங்குகிறவர்கள் குறைவு, ஒன்றிரண்டாகத்தான் வாங்குகிறோம். காசுக்காகச் சின்னப்பிள்ளைகள் நஞ்சு ஊறிய கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினால் அது இன்னொரு பிரச்சினை.

எங்களுக்குச் சரியென்று படுவது, விற்று இலாபம் எடுப்பவரே சுத்தம் செய்யும் செலவையும் கொடுப்பது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2009இல் சிகரட் பெட்டிக்கு 20 அமெரிக்கச் சதம் துப்புரவுக் கட்டணம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் சட்டம் அந்தச் செலவை உற்பத்தியாளர் தலையில் போட்டது. அதன்படி ஸ்பெயின் 2023 ஜனவரியில் புகையிலை நிறுவனங்களிடம் கேட்கத் தொடங்கியது.

இலங்கையில் இது இன்னும் சுகம். சட்டபூர்வமான சிகரட் சந்தை கிட்டத்தட்ட முழுக்க ஒரே கம்பனியின் கையில் இருக்கிறது. கடை கடையாக அலையத் தேவையில்லை. தொழிற்சாலை வாசலிலேயே ஒரு சிகரட்டுக்கு இவ்வளவு என்று எடுக்கலாம்.

"வரி ஏற்கெனவே கட்டுகினம்தானே?" என்று கேட்கலாம். அந்தக் கலால் வரி திறைசேரிக்குப் போகிறது. குப்பை அள்ளும் பொறுப்பு உள்ளூராட்சி சபைகளுக்கு. ஆகவே இந்தக் காசு தனிக் கணக்கில், நேராகச் சபைகளுக்கு வரவேண்டும். வீதி கூட்டுபவர்களின் கையுறைக்கும் சாம்பல் தொட்டிகளுக்கும் அது போகட்டும். தொட்டியில் கம்பனியின் பெயர் மட்டும் வரக்கூடாது. புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுத்திருக்கிறது. "நாங்கள் துப்புரவு செய்கிறோம்" என்று பின்கதவால் விளம்பரம் வரத் தேவையில்லை.

விலை கொஞ்சம் கூடும்தான். கூடட்டும். பிடிக்காதவர்களின் சோலைவரியில் கூட்டுவதைவிட அது நியாயம்.

இன்னொன்று. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரோவையும் இடியப்பத் தட்டையும் நாட்டில் தடைசெய்தார்கள். அம்மாமாரின் குசினிக்குள் வந்த சட்டம் பில்டரை ஏன் தொடவில்லை? பில்டர் இருப்பதால் சிகரட் பாதுகாப்பானதாகிவிடாது. அடுத்த தடைப்பட்டியலில் அதுவும் வரவேண்டும்.

எங்கட நண்பன் இப்போது வெறும் தீப்பெட்டி ஒன்றைப் பொக்கற்றில் வைத்திருக்கிறான், கட்டை போடுவதற்கு. நல்லது. ஆனால் ஒரு கடற்கரையைத் தீப்பெட்டியை நம்பி விட ஏலாது. அடுத்த சிரமதானத்தில் பொறுக்கும் கட்டைகளை எண்ணி, அந்தக் கணக்கோடு மாநகரசபைக்கும் எங்கட பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் கொடுக்கப்போகிறோம். எண்ணுவதற்கு ஆள் வேணும். வாங்கோ.